குழந்தைக்கு என்னவென்று சொல்லிவிடுங்கள், டாக்டர்!



“ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. சில குழந்தைங்க கொஞ்சம் லேட்டாதான் பிக்கப் ஆகும்.”

இந்த வார்த்தை காதில் விழாத தாய் நம் ஊரில் உண்டா? ஐந்து மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை என்று போனால் இதைச் சொல்வார்கள். எட்டு மாதமாகியும் குப்புற விழவில்லை என்றாலும் இதேதான். வீட்டில் பாட்டியும் சேர்ந்துகொள்வார்: “இவங்கப்பனும் ஒண்ணரை வயசுலதான் நடந்தான். இப்ப என்ன கொறஞ்சு போச்சு?”

பெரும்பாலான குழந்தைகள் விஷயத்தில் பாட்டி சொல்வது சரியாகவே இருக்கும். சிக்கலே அங்கேதான். நிஜமாகவே கவனிக்க வேண்டிய குழந்தையும் அதே ஆறுதலுக்குள் மறைந்துபோகிறது. மாதங்கள் ஓடிவிடுகின்றன.

அக்டோபர் 6 உலக செரிபிரல் பால்சி தினம். அதையொட்டி இந்த மாதம் உங்களோடு இதைப் பேசலாம் என்று தோன்றியது. அரசுச் சான்றிதழ்களில் மூளை முடக்குவாதம் என்று எழுதுகிறார்கள். தெரபி சென்டர் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் ‘சி.பி.’ என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

கருவில் இருக்கும்போதோ, பிரசவ நேரத்திலோ, பிறந்த கொஞ்ச நாளிலோ, வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு ஏதோ ஒரு பாதிப்பு. அதனால் கை கால் அசைவும், உடம்பு நிமிர்ந்து நிற்பதும் சொன்னபேச்சு கேட்காமல் போகின்றன. சிலருக்குத் தசை விறைக்கும். சிலருக்குக் கை கால் தன்பாட்டுக்கு முறுக்கிக்கொள்ளும். சிலருக்கு ஒரு பக்கம் மட்டும். உலக அளவில் ஆயிரம் குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கும் என்பது பொதுவான கணக்கு. நம் தாலுகாவுக்கு இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்புறம் ஏன் நம் கண்ணில் இவ்வளவு குறைவாகப் படுகிறார்கள்?

நோயைப் பற்றி விளக்கம் எழுத நான் டாக்டர் இல்லை. எனக்குப் பேச வேண்டியது, அந்த விஷயம் வீட்டாருக்குச் சொல்லப்படுகிற நாளைப் பற்றி. யார் சொல்கிறார்கள், எப்போது, எப்படி? சொல்லாமல் விட்டால் என்ன ஆகிறது?

பெற்றோர்களைக் கேட்டால் ஒரே மாதிரியான கதை வரும். ஓ.பி.யில் கூட்டம். குழந்தையை மேசைமேல் படுக்க வைத்து, காலை மடக்கி நீட்டிப் பார்க்கிறார் டாக்டர். “பொறந்ததும் அழுதானா?” என்று கேட்கிறார். “அழலை சார், பெட்டியில வெச்சிருந்தாங்க” என்கிறாள் அம்மா. டாக்டர் எதையோ எழுதுகிறார். “பிசியோ எழுதிருக்கேன், போய்ப் பாருங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க.” அவ்வளவுதான், அடுத்த டோக்கன் கூப்பிட்டாகிவிட்டது.

வெளியே வந்து சீட்டைப் பார்த்தால் ஓரத்தில் ஆங்கிலத்தில் இரண்டெழுத்து. அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குறி. அது என்ன? அம்மா அதை போனில் படம் பிடித்து, நர்சிங் படிக்கிற நாத்தனார் பெண்ணுக்கு அனுப்புகிறாள். அந்தப் பெண்ணுக்கு அர்த்தம் தெரியும். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. “நாளைக்குப் பேசறேன் அத்தை” என்று பதில் வருகிறது. கடைசியில் பிசியோதெரபி அறையில், பயிற்சி கொடுக்கிற பெண் கேட்கிறாள்: “உங்க பையனுக்கு சி.பி.ன்னு டாக்டர் சொல்லலையா?”

வாழ்நாள் முழுக்கக் கூடவரப்போகிற விஷயத்தை ஒரு தாய் இப்படியா தெரிந்துகொள்ள வேண்டும்?

டாக்டர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தவறாகச் சொல்லிவிட்டால் ஒரு குடும்பத்தை வீணாக அழவைத்த பாவம் வரும். ‘இரண்டு வயசு ஆகட்டும், அப்புறம் உறுதியாகச் சொல்லலாம்’ என்றுதான் நெடுங்காலமாக நடைமுறை இருந்தது. பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியோடு சண்டைக்குப் போய்விடுவார்களோ என்ற தயக்கமும் உண்டு. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசச் சொல்வது எளிது, செய்வது கஷ்டம்.

ஆனால் அந்த ‘இரண்டு வயசு’ வாதம் இப்போது பழசாகிவிட்டது. பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து எழுதி, 2017-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழந்தைநல இதழில் வெளிவந்த வழிகாட்டுதல், ஆறு மாதத்துக்கு முன்பேகூடப் பல குழந்தைகளுக்குக் கண்டுபிடித்துவிட முடியும் என்கிறது. குறைமாதக் குழந்தை என்றால், பிறக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கு.

அதற்கான வழிகளில் ஒன்று என்னை வியக்க வைத்தது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த பிரெக்டல் என்ற மருத்துவர் உருவாக்கிய முறை. மூன்று முதல் ஐந்து மாதக் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, யாரும் கொஞ்சாமல், பொம்மை காட்டாமல், சில நிமிடம் வீடியோ எடுக்கிறார்கள். அந்த வயதில் கழுத்து, உடம்பு, கை, கால் எல்லாம் ஓயாமல் சின்னச் சின்னதாக நெளிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தத் துறுதுறுப்பு காணோம் என்றால், பயிற்சி பெற்றவர் கண்ணுக்கு அது எச்சரிக்கை மணி. அதோடு நரம்பியல் பரிசோதனையும், எம்.ஆர்.ஐ.யும் சேரும்போது சந்தேகம் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. முதல் படிக்கு ஒரு கேமராவும் பார்க்கத் தெரிந்த ஒரு ஆளும் போதும்.

அப்படியும் உறுதியாகச் சொல்ல முடியவில்லையா? அதற்கும் அந்த வழிகாட்டுதல் வழி சொல்கிறது. ‘சி.பி. வருவதற்கான அபாயம் அதிகம்’ என்று எழுதிக்கொடுத்து, உடனே பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். பின்னால் ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நஷ்டம் என்ன? குழந்தை கொஞ்சம் அதிகமாக விளையாடியிருக்கும்.

சீக்கிரம் தெரிந்தால் குணமாகிவிடுமா? ஆகாது. இதை ஒளிக்காமல் சொல்வதுதான் மரியாதை. மூளையில் ஏற்பட்டுவிட்ட பாதிப்பை எடுத்துவிட முடியாது. அதே சமயம் அது பரவவும் பரவாது. இந்த இரண்டாவது பாதியை யாருமே சொல்வதில்லை. “நாளாக நாளாக மோசமாகுமா சார்?” என்ற கேள்வியை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு எத்தனை அப்பாக்கள் ராத்திரி தூங்காமல் கிடக்கிறார்கள்! மூளைப் பாதிப்பு வளராது. ஆனால் கவனிக்காமல் விட்டால் தசை இறுகும், மூட்டு மடங்கிப்போகும், தொடை எலும்பு இடுப்புக் கிண்ணத்திலிருந்து நழுவும். சி.பி. குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு இந்த இடுப்புப் பிரச்சினை வருகிறது. அவ்வப்போது ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் வெகுமுன்பே பிடித்துவிடலாம். சி.பி. என்று யாரும் சொல்லாத குழந்தைக்கு எக்ஸ்ரே எழுதித் தருவது யார்?

நம் அமைப்பில் ஒரு நோயின் பெயர் ரேஷன் கார்டு மாதிரி. அது கையில் இல்லாதவரை எந்த கவுன்டரும் திறக்காது.

சொல்லாமல் விட்டதால் காலியாக இருக்கும் இடத்தில் வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள், அதுதான் பெரிய கொடுமை. எண்ணெய் தேய்த்து இழுத்துவிடுகிறவர், தாயத்துக் கட்டுகிறவர், லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஸ்டெம் செல் ஏற்றுகிறேன் என்கிறவர். ஸ்டெம் செல் சி.பி.க்குப் பரிந்துரைக்கப்படும் சிகிச்சை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆனாலும் மனைவி தாலியை அடகு வைத்துப் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று கர்நாடகத்தில் கலபுரகி பக்கம் ஒரு கிராமத்தில், உடல் ஊனமுற்ற குழந்தைகளைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து வைத்திருந்த படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெற்றோரை மூடர்கள் என்று திட்டி முடித்துவிடலாம். அவர்களிடம் யாராவது எப்போதாவது உட்கார்ந்து, ‘உங்கள் பிள்ளைக்கு இருப்பது இது, செய்யக்கூடியது இது, முடியாதது இது’ என்று பேசியிருப்பார்களா?

அடுத்தது, பழி. இது பெரும்பாலும் அம்மாவின் தலையில் விழும்.

மாடிப்படி ஏறினாயா, பப்பாளி தின்றாயா, கிரகணத்தன்று வெளியே போனாயா, வலி வந்ததும் ஏன் சொல்லவில்லை, சிசேரியனுக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை, அல்லது ஏன் ஒத்துக்கொண்டாய். “எங்க பக்கம் யாருக்கும் இப்படி இல்லை” என்று ஒரு வரி போதும். மற்றவர்கள் கேட்காமல் விட்டாலும், அவள் தன்னைத்தானே கேட்டுக்கொள்வாள்.

மருத்துவ உலகமே ‘எதனால் வருகிறது’ என்ற இந்தக் கேள்வியோடு நூறு வருஷத்துக்கும் மேல் மல்லுக்கட்டியிருக்கிறது. லண்டனில் வில்லியம் லிட்டில் என்ற டாக்டர் 1861-ல், கஷ்டமான பிரசவமும் மூச்சுத் திணறலும்தான் காரணம் என்று ஒரு கட்டுரை வாசித்தார். நெடுநாள் இதற்கு ‘லிட்டில் நோய்’ என்றே பெயர். 1897-ல் இன்னொருவர் மறுத்து எழுதினார்: பிரசவம் கஷ்டமானதே, கருவில் முன்பே நடந்துவிட்ட ஏதோ ஒன்றின் அடையாளமாக இருக்கலாமே என்று. அவர் யார் தெரியுமா? மனசைப் பிரித்துப் பார்த்த அதே சிக்மண்ட் பிராய்ட். அதற்கு முன் அவர் நரம்பியல் டாக்டர்.

பிராய்டின் பேச்சை அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்றைக்கு அவர் பக்கம்தான் காற்று வீசுகிறது. குறைப்பிரசவம், கர்ப்பத்தில் தொற்று, கருவிலேயே மூளையில் ரத்த ஓட்டத் தடை, மரபணு என்று காரணங்கள் பல. ஒன்றுக்கு மேல் சேர்ந்தும் வரும். நம் நாட்டில் பிரசவத்தில் மூச்சுத் திணறலுக்கும், கவனிக்காமல் விட்ட கடும் மஞ்சள் காமாலைக்கும் இன்னமும் பங்கு உண்டு. அவை தடுக்கக்கூடியவை, அதனால் அங்கே ஆஸ்பத்திரிகளைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் பப்பாளியும் கிரகணமும் இந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை. இந்த ஒரு வரியை டாக்டர் மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னால், அது எந்த மாத்திரையைவிடவும் அந்த வீட்டுக்கு நல்லது செய்யும்.

அதனால்தான் தனியாக வந்திருக்கும் அம்மாவிடம் நின்றவாக்கில் சொல்லக் கூடாது என்கிறேன். அப்பாவும் வரட்டும், முடிந்தால் பாட்டியும். உட்காரச் சொல்லுங்கள். போன் ஒரு பத்து நிமிடம் அடிக்காமல் இருக்கட்டும். முதலில் குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். தமிழில், ஒரு தாளில், நாலு வரி எழுதிக் கொடுங்கள். ஏனென்றால் அன்றைக்குக் கேட்டது எதுவும் பஸ் ஏறும்போது நினைவில் இருக்காது. அடுத்த வாரமே ஒருமுறை வரச் சொல்லுங்கள்; கேள்விகளெல்லாம் அப்போதுதான் பிறந்திருக்கும்.

“நடப்பானா?” என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. கைக்குழந்தையைப் பார்த்து யாரும் ஜாதகம் சொல்ல முடியாது. ஆனால் கைவிரிக்கவும் தேவையில்லை. சி.பி. உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பேர் தனியாகவோ, பிடிமானத்தோடோ நடக்கிறார்கள். இரண்டு வயதுக்குள் தானாக உட்கார்ந்துவிட்டால் நம்பிக்கை அதிகம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறிவுத்திறனில் எந்தக் குறையும் கிடையாது. பேச்சு குழறுவதையும், எச்சில் வழிவதையும் பார்த்து ‘புத்தி இல்லை’ என்று நாமாகத் தீர்ப்பு எழுதிவிடுகிறோமே, அந்தப் பழக்கம்தான் இவர்களுக்கு நடந்த பெரிய அநியாயம்.

இதுவரை பெற்றோர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், கவனித்தீர்களா? இந்தப் பேச்சில் எப்போதும் அப்படித்தான் ஆகிறது. யாருடைய உடம்போ, அவரை யாரும் கேட்பதில்லை.

சி.பி.யோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள் சொல்வதைக் கேளுங்கள். “எனக்கு ஏதோ இருக்கிறது என்று நாலு வயதிலேயே தெரியும். அது என்னவென்று மட்டும் வீட்டில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. உறவினர் கேட்டால், ‘சின்ன வயசுல காய்ச்சல் வந்துச்சு’ என்று அம்மா ஒரு கதை வைத்திருப்பார். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதித் தர ஆள் (ஸ்கிரைப்) வைக்கச் சான்றிதழ் எடுக்கும்போதுதான் நோயின் பெயரை நானே படித்தேன்.” இப்படிச் சொல்கிறவர்கள் எத்தனையோ பேர். பிள்ளை மனசு நோகக் கூடாது என்றுதான் மறைத்திருப்பார்கள். ஆனால் பேசக்கூடாத ஏதோ அசிங்கம் தன்னிடம் இருக்கிறது என்றுதானே அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளும்?

பெயர் தெரிந்தபோது நிம்மதியாக இருந்தது என்கிறவர்கள் அவர்களில் நிறைய. திடீரென்று யாராவது கதவைச் சாத்தினால் உடம்பே தூக்கிப்போடுகிறதே, குளிரில் கால் கட்டை மாதிரி விறைக்கிறதே, அவசரப்பட்டால் வார்த்தை வெளியே வர மறுக்கிறதே, அதெல்லாம் தன் கோழைத்தனமோ சோம்பேறித்தனமோ இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிகிறது. இதே மாதிரி வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்பதும். சி.பி. உள்ளவர்களில் நான்கில் மூன்று பேருக்கு வலி இருக்கிறது. முப்பது வயதில் மூட்டு தேய்ந்து, சீக்கிரம் களைத்துப்போகும்போது எந்த டாக்டரிடம் போவது? “இது குழந்தைங்க டிபார்ட்மென்ட்” என்று அங்கே சொல்வார்கள். “எனக்கு இதில் பழக்கமில்லை” என்று இங்கே சொல்வார்கள். குழந்தையாக இருந்தவர் வளர்ந்து பெரியவராவார் என்பதே நம் ஆஸ்பத்திரிகளுக்குத் தோன்றவில்லை போலும்.

மாலினி சிப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1966-ல் பிறந்தவர், சி.பி. உள்ளவர். மகளுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரிக்கப்பட்டும் விட்டுவிடாமல், அவர் அம்மா மிது ஆலூர் 1972-ல் மும்பையில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார். மாலினி லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டங்கள் வாங்கினார். ஒரே ஒரு சுண்டு விரலால் தட்டித் தட்டித் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அதன் பெயரே ‘ஒன் லிட்டில் ஃபிங்கர்’. ஜீஜா கோஷையும் சொல்ல வேண்டும். கொல்கத்தாவைச் சேர்ந்தவர், சி.பி. உள்ளவர், இந்தத் துறையிலேயே வேலை பார்க்கிறவர். 2012-ல் கோவாவில் ஒரு கருத்தரங்குக்குப் போக விமானத்தில் ஏறி உட்கார்ந்தவரை, உடல்நிலையைக் காரணம் காட்டி இறக்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016-ல் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அவரைப் பார்த்ததும் நோயாளி என்று முடிவு கட்டியவர்களுக்கு, சி.பி. என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

இன்னொரு இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் முகாம். அங்கே குறைபாடு எத்தனை சதவீதம் என்று எலும்பு டாக்டர் ஒரு எண் போடுவார். 40 சதவீதம் தாண்டினால்தான் பல சலுகைகள். சில உதவித்தொகைகளுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். வருஷக்கணக்காக “பிள்ளைக்குக் கொஞ்சம் தேவலையா?” என்று ஏங்கிய அதே அப்பா, அன்றைக்கு மட்டும் எண் கூடுதலாக வர வேண்டும் என்று சாமியைக் கும்பிடுவார். மகன் தவழ்ந்து காட்டினால், “ஏன்டா இன்னிக்கின்னு பார்த்து!” என்று பல்லைக் கடிப்பார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத இடம் அது.

சட்டங்களும் வசதிகளும் இல்லாமல் இல்லை. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் சி.பி.யைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். அதன்கீழ் வரும் ‘நிராமயா’ காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி உண்டு, தெரபி செலவு உட்பட. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் என்று வாயில் நுழையாத பெயரோடு ஒன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கிறது, ‘டி.இ.ஐ.சி.’ என்று கேட்டால் வழி காட்டுவார்கள். சென்னையில் 1985 முதல் வித்யாசாகர் என்ற அமைப்பு இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தினர் கிராமங்களில் வீடு தேடிப் போய்ச் சின்னக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

பதினெட்டு வயது ஆனதும் சட்டப்படியான பாதுகாவலர் நியமிக்கிற ஏற்பாடும் அந்த 1999 சட்டத்தில் உண்டு. சிலருக்கு அது அவசியம். ஆனால் தன் காரியத்தைத் தானே யோசித்துச் செய்யக்கூடிய ஒருவரிடம் பேங்க்கில், “அம்மாவைக் கூட்டிட்டு வாங்க” என்கிறார்களே, அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க வேண்டியதில்லை. கையெழுத்து கோணலாக இருப்பதற்கும் சம்மதத்துக்கும் என்ன சம்பந்தம்?

டாக்டர்களுக்கு நிறைய சொல்லிவிட்டேன். நமக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. நம் சொந்தத்திலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு சேதி வந்தால், “கவலைப்படாதே, சரியாயிடும்” என்று சொல்லாமல் இருங்கள். சரியாகாது என்று அவர்களுக்குத் தெரியும். “செவ்வாய்க்கிழமை தெரபிக்கு நான் தூக்கிட்டுப் போறேன், நீ கொஞ்சம் தூங்கு” என்று சொல்லிப் பாருங்கள்.

ஒன்பதாம் மாதம் எல்லாக் குழந்தைக்கும் தட்டம்மை ஊசி போடப் போகிறோம் இல்லையா? அன்றைக்குக் குழந்தை பிடிக்காமல் தானாக உட்காருகிறதா என்று பாருங்கள். இரண்டு கையையும் ஒரே மாதிரி நீட்டுகிறதா, ஒரு கையை மட்டும் மடக்கியே வைத்திருக்கிறதா? சந்தேகம் இருந்தால் நர்ஸிடம் சொல்லி டாக்டரைப் பார்க்காமல் வீடு திரும்பாதீர்கள். ‘லேட் பிக்கப்’ என்று பதில் வந்தால், “எதனால லேட்டுன்னு பார்த்துடலாமா டாக்டர்?” என்று பணிவாகவே, ஆனால் எழுந்திருக்காமல் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் சி.பி. உள்ளவர் இருந்தால், அல்லது நீங்களே அவராக இருந்தால், அந்த விஷயம் உங்களுக்கு யார் வழியாக, எப்படித் தெரியவந்தது என்று எழுதி அனுப்புங்கள். எப்படிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பேச்சு வராதவர்கள் வீட்டில் யாரிடமாவது சொல்லி எழுத வைக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு வரியாகவும் அனுப்பலாம். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். வந்தவற்றைத் தொகுத்து வெளியிட்டு, அந்த இதழைக் குழந்தைநல மருத்துவர்களுக்கு நாங்களே அனுப்பி வைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்